சிட்டிபாபு தறி ஓடுகிறது

எங்கள் தெருக்காரர்களுக்குக் கண் ஒரு உபரி உறுப்பு. காதுதான் எல்லாம். பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் தறிச் சத்தம் கேட்கும் என்றாலும், எங்கள் தெருவில் கேட்கிற மாதிரி கேட்கிறவர்கள் உலகத்தில் கிடையாது. நடுத்தெருவில் ஒருவரைக் கண்ணைக் கட்டி நிறுத்துங்கள். எந்த வீட்டுத் தறி ஓடுகிறது, எது நிற்கிறது என்று சொல்வார். அது சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். நெய்கிறவன் காலையில் தின்றது இட்லியா பழையதா, பெண்டாட்டியோடு பேச்சு உண்டா இல்லையா, தறியில் இருப்பது அரக்கா மாம்பழ மஞ்சளா என்பதுவரை காலால் அழுத்துகிற மிதி விழுகிற விதத்தில் கண்டுபிடித்துவிடுவார். பரசுராமன் ஒருமுறை வரதர் கருட சேவைக் கூட்டத்தில், அத்தனை மேளத்துக்கும் வாண வேடிக்கைக்கும் நடுவில், இரண்டு மைல் தள்ளித் தன் தறியில் எலி ஏறும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். போய்ப் பார்த்தால் எலி இருந்தது. குட்டியோடு இருந்தது.

இப்பேர்ப்பட்ட காதுகளுக்கு நடுவில்தான் சிட்டிபாபுவும் அவர் மகள் சிம்ரனும் குடியிருந்தார்கள்.

சிம்ரனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. ஆனால் தெருவில் அவளுக்குப் பெயர் கெழவி. அந்தப் பெயரை அவள் வாயாலேயே சம்பாதித்துக்கொண்டாள். தள்ளுவண்டிக் காய்க்காரர் அவள் நிற்பதைத் தூரத்தில் பார்த்துவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு செவிலிமேடு வரைக்கும் போய்விடுவார். கத்திரிக்காயை எடுத்து மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “இன்னாண்ணா, இதுக்குப் பேரப் புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?” என்று கேட்பாள். வண்டியைச் சுற்றி நிற்கிற பெண்கள் சிரித்துச் சிரித்துத் தெருவில் உட்கார்ந்துவிடுவார்கள். ரேஷன் கடைக்காரர் அவளைக் கண்டதும் தராசைத் துடைப்பார். குழாயடியில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் மூன்றாவதாக நிற்கிற சிம்ரன் தீர்ப்புச் சொல்வாள், மேல்முறையீடு கிடையாது. தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணிடம், மாமியார் முதல் வருஷம் அப்படித்தான் இருப்பார், குழம்பில் உப்பை மட்டும் அவர் கையாலேயே போடச் சொல், சரியாகிவிடும் என்று இவள் புத்தி சொன்னதும், அது பலித்ததும் இன்றைக்கும் பேசப்படுகிறது.

இடுப்பில் குடம், தோளில் துண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்க்க எங்களுக்கு அலுக்காது. சினிமாவுக்குப் போகிற செலவு மிச்சம் என்பாள் பக்கத்து வீட்டுப் பரசுராமனின் பெண்டாட்டி ரேணுகாம்பாள்.

அவள் கெழவியானது தாய் போன பிறகு. சத்யப்ரியா மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சிட்டிபாபு தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் சத்யப்ரியா உட்கார்ந்து கரைக்குக் குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவைத் தள்ளுவாள். உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் நெய்வார்கள். அப்படியும் அந்த வீட்டிலிருந்து பேச்சுக் குரல் கேட்கிற மாதிரியே இருக்கும். மிதி விழுகிற தாளம் அப்படி.

அவள் போன பிறகு சிட்டிபாபு தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். முதல் மூன்று மாதம் அதைத் துக்கம் என்றோம். அடுத்த ஆறு மாதம் சோம்பல் என்றோம். அதற்கு அப்புறம் குடி என்று முடிவு கட்டி, ஒருவர் பின் ஒருவராகக் குசலம் விசாரிக்கிற சாக்கில் போய் முகர்ந்து பார்த்தோம். வாசனை இல்லை. குடித்திருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். தெருவில் அதற்கு வைத்தியம், வசவு, சமாதானம் எல்லாம் தயாராக உண்டு. இது என்ன என்று யாருக்கும் பிடிபடவில்லை. சட்டையின் ஒரு கையை மாட்டிக்கொள்வார். மறு கையை மாட்ட வேண்டும் என்பது தோன்றாமல் மத்தியானம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பார். சீப்பைத் தலையில் வைப்பார். சீப்பு அங்கேயே நிற்கும். சிம்ரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதை எடுத்து, தலையை வாரி, மறு கையை மாட்டிவிட்டு, “எங்க நைனா மாப்ள மாதிரி கீது” என்று தெருவுக்குக் கேட்கிற குரலில் சொல்வாள்.

பள்ளிக்கூடத்தில் காலையில் போடுகிற உப்புமாவில் பாதியை டப்பாவில் போட்டுக்கொண்டு வருவாள். மத்தியான முட்டை அப்படியே வரும். நைனா தின்றாரா என்று ரேணுகாம்பாள் கேட்டால், “ரெண்டு தபா வாங்கித் துன்னுச்சு அத்தே” என்பாள். தின்னாத முட்டை சாயங்காலம் குப்பைக் கூடையில் கிடப்பதைத் தெரு நாய்கள் மட்டும் அறிந்திருந்தன.

தறியில் நீளவாக்கில் ஏறியிருந்த பட்டு நூல், எங்கள் பேச்சில் பாவு, மாணிக்கவேல் முதலாளியுடையது. சத்யப்ரியா இருந்தபோது ஏற்றியது. ஒரு சாண் நெய்ததோடு நிற்கிறது. அவர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் எத்தனை மாதம் பொறுப்பார்? பாவை அறுத்து எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார். அன்று குழாயடியில் பேச்சு அதுதான். பாவு போய்விட்டால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், சிட்டிபாபுவைக் கீழ்ப்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம், பிள்ளையை ஏதாவது ஹோமில் சேர்த்துவிடலாம் என்று பெண்கள் ரொம்ப அக்கறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தறி மட்டும் ஓடினால் இதெல்லாம் வேண்டியதே இல்லை என்றாள் ரேணுகாம்பாள். பக்கத்தில் சிம்ரன் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். குடம் நிரம்பி வழிந்து, தண்ணீர் தெருவில் ஓடியது. எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்கிறவள் அன்று குழாயை மூட மறந்து நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் சிட்டிபாபு வீட்டுத் தறி ஓடியது.

அந்தச் சாயங்காலத்தைச் சொல்லி மாளாது. தெருவில் அத்தனை தறியும் கப்பென்று நின்றது. எல்லோரும் தறிக்கு அடியில் இருக்கிற குழியிலிருந்து காலை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார்கள். டக், டக் என்று இழையை அடிக்கிற பலகை விழுகிறது. கீழே மிதி இறங்கி ஏறுகிறது. ரேணுகாம்பாள் கச்சபேஸ்வரர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒருத்தர் வெடி வாங்கப் போனார் என்றுகூடச் சொல்வார்கள். கடை மூடியிருந்ததால் திரும்பிவிட்டாராம். பாவை எடுக்க ஸ்கூட்டரில் வந்த மாணிக்கவேல் முதலாளி தெருமுனையில் காலை ஊன்றி ஐந்து நிமிஷம் கேட்டார். அப்படியே திரும்பிப் போனவர், அடுத்த வைகாசியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண் வீட்டாரிடம் புடவை தறியில் இருக்கிறது என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

“மிதி லேசா வுழுதே,” என்றாள் ரேணுகாம்பாள்.

“ஒடம்பு எளைச்சுப் போச்சுல்ல,” என்றார் பரசுராமன். “சோறு உள்ள போகப் போகக் கனம் ஏறும். இன்னும் பத்து நாள் பாரு.” எலியைக் கேட்ட காது சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?

அதிலிருந்து நாள் தவறாமல் அந்தத் தறி ஓடிற்று. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கொஞ்சம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு கொஞ்சம். கோர்வைக்கு இரண்டாம் ஆள் வேண்டுமே; சிம்ரன்தான் கரைக்கு நாடா தள்ளுகிறாள், அதனால்தான் அவள் இருக்கிற நேரத்தில் மட்டும் ஓடுகிறது என்று தெரு கணக்குப் போட்டுக்கொண்டது. பிள்ளைகளைத் தறியில் உட்கார வைப்பது சட்டப்படி குற்றம். ஆகவே தெருவே சேர்ந்து அதை மறைத்தது. பேன்ட் போட்ட புது ஆள் யார் தெருவுக்குள் வந்தாலும், இன்சூரன்ஸ்காரர் உட்பட, ஒருவர் இருமுவார். இருமல் வீடு வீடாகப் போய்ச் சிட்டிபாபு வீட்டை எட்டும். தறி நிற்கும். ஆள் போனதும் ஓடும். இவ்வளவு ஒற்றுமை எங்கள் தெருவில் தேர்தல் சமயத்தில்கூடக் கிடையாது.

ரேணுகாம்பாள் ஒருமுறை குழம்பு கொடுக்கிற சாக்கில் கதவைத் தட்டினாள். சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சிம்ரன் கதவை ஒரு கை அகலம் திறந்தாள். மூஞ்சியெல்லாம் வேர்வை.

“முகூர்த்தப் பட்டு அத்தே. ஒருத்தர் கண்ணும் படக்கூடாதுன்னு நைனா சொல்லிக்கிது. நீ கோச்சுக்காத. உன் கண்ணு நல்ல கண்ணுதான், இருந்தாலும் கண்ணு கண்ணுதான.”

தறியில் முகூர்த்தப் பட்டு இருந்தால் பிறத்தியார் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதை ஒன்பது வயதுப் பெண் எடுத்துச் சொன்ன அழகை ரேணுகாம்பாள் ஒரு வாரம் தெரு பூராவும் நடித்துக் காட்டினாள்.

சிரிக்காமல் இருந்தது சிம்ரன் வகுப்பு வள்ளி டீச்சர் ஒருத்தர்தான். கூரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். ஐப்பசி பிறந்து ஒருநாள் பள்ளிக்கூடம் நடக்கிற வேளையிலேயே வந்து, சிட்டிபாபு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, பதில் இல்லாமல் ரேணுகாம்பாளிடம் வந்தார். ரேணுகாம்பாள் மோர் கொடுத்து உட்கார வைத்தாள். டீச்சர் மோரைக் கையில் வைத்துக்கொண்டார்; குடிக்கவில்லை.

“சிம்ரன் கிளாஸ்ல தூங்குதும்மா. போன வருஷம் பாடத்தக் கடகடன்னு ஒப்பிச்ச புள்ள. இப்ப எழுத்துக் கூட்டிப் படிக்குது. நேத்து தன் பேர எழுதச் சொன்னா, பாதி எழுதிட்டு ஜன்னலப் பாத்துக்கினு உக்காந்துருக்குது.”

“வூட்ல வேல ஜாஸ்தி டீச்சர். அப்பனுக்கு ஒத்தாச பண்ணுது பாவம்.”

“வெளையாட விட்டா வெளையாட மாட்டேங்குது. ஏன்டின்னு கேட்டா, சின்னப் பசங்களப் பாத்துக்கினு கீறேன் டீச்சர்ங்குது. அதுங்க வயசுதாம்மா இதுவும்.”

ரேணுகாம்பாள் சிரித்தாள். “அவ கெழவி டீச்சர். எங்க தெருவுக்கே புத்தி சொல்றவ. நான் ஒரு நாள் இடுப்பு வலின்னு படுத்துக்கினேன். வந்து, வயசான காலத்துல பாத்து நடக்கணும்மான்னுது. எனக்கே.”

“நான் இழுத்துக்கினு போயி நொண்டி ஆட விட்டேன். ஒத்தக் கால்ல குதிக்கணும்னு தெரியல அதுக்கு. நின்ன எடத்துலயே ரெண்டு காலையும் மாத்தி மாத்தி அழுத்திக்கினு நிக்குது. மத்த பசங்க சிரிச்சாங்க. அப்பவும் நிறுத்தல.”

“அதுக்கு இன்னா கொறை டீச்சர்? மத்த பசங்களாட்டம் போன நோண்டிக்கினு உக்காந்துருக்குதா? இந்த மாதிரி ஒண்ணு என் வயித்துல பொறக்கலையேன்னு நான் கீறேன்.”

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். “எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அவங்க அப்பாவ ஒரு தடவ நான் பாக்கணும்மா.”

“முகூர்த்தப் பட்டு டீச்சர்,” என்றாள் ரேணுகாம்பாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. சாதாரண மழையா அது? வானத்தை யாரோ மேலே கட்டிவைத்து, கட்டிய கயிறு அறுந்துபோன மாதிரி ஐந்து நாள் கொட்டியது. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்டதும் ஊரே கல்யாணத்துக்குப் புறப்படுகிற மாதிரி குடும்பம் குடும்பமாகச் செவிலிமேட்டுப் பாலத்துக்குப் போய் நின்று பார்த்தது. பள்ளிக்கூடம் லீவு. எங்கள் தெருவில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. மழைக்காலத்தில் இது உள்ளதுதான். குழியில் ஈரம் ஏறினால் பட்டு இழை தொய்ந்து போகும். எவனும் கால் வைக்க மாட்டான். பாவின்மேல் பாலிதீன் தாளைப் போர்த்திவிட்டு ஆண்கள் சீட்டாட உட்காருவார்கள். தெரு முழுக்க மிளகாய் பஜ்ஜி வாசனை. மழைச் சத்தத்தைத் தவிர ஒரு தறிச் சத்தம் கிடையாது.

மாணிக்கவேல் முதலாளி பாவுகள் நனையாமல் இருக்கின்றனவா என்று பார்க்கக் குடையோடு வந்து, பரசுராமன் வீட்டில் பஜ்ஜிக்கு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் கேட்டது. டக். டக். டக்.

பரசுராமன் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். முதலாளி பஜ்ஜியைக் கடித்தவர் மெல்லவில்லை.

“ஊறின பாவுல எவனாவது நெய்வானா?” என்றார் முதலாளி.

மழைக்குள் அது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் நாள் சந்தோஷத்தில் கேட்டது, அப்புறம் நூறு தறிச் சத்தத்தில் ஒன்றாக இருந்தது, இப்போது தனியாக, துணி உரித்த மாதிரிக் கேட்டது. பலகை விழுகிறது, மிதி விழுகிறது, நடுவில் நாடா ஓடுகிற சரசரப்பு இல்லை. பரசுராமன் எழுந்தார். ரேணுகாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மூன்று பேரும் மழையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தள்ளினார்கள். உள்ளே கயிறு போட்டுக் கட்டியிருந்தது; தள்ளிய வேகத்தில் அறுந்தது.

சிம்ரன் குழிக்குள் நின்றிருந்தாள். குழி விளிம்பில் உட்கார்ந்தால் கால் எட்டாது; அதனால் நின்றிருந்தாள். முழங்காலுக்கு மேல் கலங்கல் தண்ணீர். பாவாடையைத் தூக்கிச் செருகி, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து இழுத்து அடித்து, தண்ணீருக்குள் இருக்கிற மிதிகளை ஒரு கால் மாற்றி ஒரு கால் அழுத்திக்கொண்டிருந்தாள். நாடா ஒரு மூலையில் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. தறியில் சத்யப்ரியா கை வைத்து நெய்த ஒரு சாண் துணி, ஒரு இழை கூடாமல் குறையாமல் அப்படியே.

பாயில் சிட்டிபாபு உட்கார்ந்திருந்தார். பாயின் ஓரம் நனைந்திருந்தது. முன்னால் தட்டு. ரசம் சோற்றை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். பார்வை தறியின் பக்கவாட்டில், சத்யப்ரியா உட்காருகிற இடத்தில் இருந்தது.

“இன்னாம்மா பண்ற?” என்றார் பரசுராமன்.

அவள் நிறுத்தவில்லை. “இருங்க மாமா. நிறுத்துனா நைனா துன்னாது. இன்னும் ரெண்டு வாய்தான் கீது.”

நின்றார்கள். முதலாளி குடையை மடக்காமல் வீட்டுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றார். சிட்டிபாபு ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய். தட்டு காலியாகிற வரைக்கும் அந்தப் பெண் மிதித்தாள். அப்புறம் பலகையை விட்டுவிட்டு, குழியின் விளிம்பில் கையை ஊன்றி ஏறி வெளியே வந்தாள். தொடைவரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்து, முதலாளியிடம் உட்காருங்கள் என்றாள்.

எப்போதிலிருந்து என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

“நீதான அத்தே கொழாயாண்ட சொன்ன. தறி ஓடுனா போதும், நைனாவ கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிக்கினு போவமாட்டாங்கன்னு. உங்களுக்குக் கேக்கணும்னுதான் மொதல்ல மிதிச்சேன். அப்ப நைனா செவுத்தப் பாத்துக்கினு படுத்துருந்துதா, இந்தாண்ட திரும்பிச்சு. நான் தட்ட வெச்சேன். துன்னுச்சு. அம்மா உக்காந்துக்கினு கீதுன்னு நெனச்சுக்கிச்சோ இன்னாவோ. நிறுத்திட்டேன்னா வாய்ல கீற சோத்தக்கூட முழுங்காது.”

மாணிக்கவேல் முதலாளி தறியருகே குனிந்து பாவைத் தொட்டார். பூஞ்சை கையில் ஒட்டியது. அவர் திட்டவில்லை. பாவை எடுத்துக்கொண்டு போய்க் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுசும் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார்.

“எடுத்துக்கோங்க மொதலாளி,” என்றார் சிட்டிபாபு. இரண்டு வருஷத்தில் நாங்கள் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

சிம்ரன் குறுக்கே வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “பொங்கல் வரைக்கும் வுடுங்க மொதலாளி. நைனா எழுந்துரும். ஜரிகை வெலை ஏறிக்கினே போவுது, இப்ப எடுத்துக்கினு போயி நீங்க மட்டும் இன்னா பண்ணப் போறீங்க? தறியில கீற பாவு வூட்ல கீற பொண்ணு மாதிரி. அவசரப்படக்கூடாது.”

மற்ற நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு ரேணுகாம்பாள் தரையில் உருண்டிருப்பாள். அன்றைக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பாவு போயிற்று. மழை விட்டதும் தென்னேரியிலிருந்து சத்யப்ரியாவின் தங்கை ஜெயப்ரியா வந்தாள். தெரு கூடிப் பேசி முடிவு செய்தது. பிள்ளை கொஞ்ச நாள் சித்தி வீட்டில் பிள்ளையாக இருக்கட்டும். சாப்பாடு ரேணுகாம்பாள் பொறுப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது பரசுராமன் பொறுப்பு. சிம்ரன் சம்மதிக்கவில்லை, ஆனால் நைனாவுக்கு மருந்து கிடைக்கும் என்றதும் பையில் துணியை எடுத்து வைத்தாள். புறப்படும்போது ரேணுகாம்பாளுக்கு அவள் கொடுத்த உத்தரவுகள் கோயில் உற்சவப் பத்திரிகை நீளம். ரசத்தில் மிளகு தட்டிப் போட வேண்டும். தட்டைச் சுவர்ப் பக்கம் வைக்க வேண்டும். சட்டையின் இரண்டாவது கையைத் தானாக மாட்டிக்கொள்ளாது, மாட்டிவிட வேண்டும். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது முதுகில் கை வைக்கக்கூடாது, காலில் வைக்கலாம். பஸ் கிளம்பின பிறகும் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

பரசுராமன் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இது ஒரு நோய்தான், குணமாகும், ஆனால் நாளாகும், வாராவாரம் கூடவே ஆள் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்தார். அடுத்த வாரமும் பரசுராமன் போனார். அதற்கு அடுத்த வாரம் அவருக்குத் தறியில் அவசரப் புடவை. வேறு யாராவது போயிருக்கலாம். எல்லோருக்கும் தறியில் ஏதோ ஒன்று இருந்தது. ரேணுகாம்பாள் கொண்டுபோய் வைக்கிற தட்டு பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்தது. ஒருநாள் அவளே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியில் இறங்கி, பாவில்லாத தறியை மிதித்தும் பார்த்தாள். சிட்டிபாபு திரும்பவில்லை.

தென்னேரியில் ஏரி ததும்பி நின்றது. அக்கரையில் நிற்கிற ஆளுக்கு இக்கரையிலிருந்து கடிதம்தான் போட வேண்டும்; அவ்வளவு பெரிய ஏரி. உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழிய, ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் அதில்தான் கிடந்தார்கள். ஜெயப்ரியாவின் மகன் யுவன் சிம்ரனையும் இழுத்துப் போனான். அவள் தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து எல்லோருடைய துண்டையும் செருப்பையும் காவல் காத்தாள். உதடு நீலமாகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏறச் சொன்னாள். ஊரார் சொல்லி வைத்தாற்போல் எங்களை மாதிரியே ஆச்சரியப்பட்டார்கள். இப்படி ஒரு பொறுப்பான பிள்ளையைப் பார்த்ததில்லை என்றார்கள்.

சாயங்காலமானால் சித்தியின் போனை வாங்கி ரேணுகாம்பாளைக் கூப்பிடுவாள். தறி ஓடுகிறதா என்று கேட்பாள். ஓடுகிறது என்றாள் ரேணுகாம்பாள். பாவு இல்லாமல் எப்படி என்றதற்கு, முதலாளி வேறு பாவு கொடுத்துவிட்டார், நைனா நெய்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்லி வைத்தாள். நல்லதுக்குத்தான்.

“எனக்குச் சத்தம் காமி அத்தே.”

ரேணுகாம்பாள் போனை எடுத்துக்கொண்டு வந்து தன் புருஷனின் தறிக்குப் பக்கத்தில் பிடித்தாள். விஷயம் தெரிந்து நாலைந்து பேர் கூடிவிட்டோம். பரசுராமன் ஜென்மத்தில் அவ்வளவு கவனமாக நெய்திருக்க மாட்டார். சிட்டிபாபு மிதிக்கிற மாதிரியே நிதானமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு மிதித்தார். அந்தப் பக்கம் சிம்ரன் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் வந்தது.

“அது மாமா தறி அத்தே,” என்றாள். “வலது மிதி கொஞ்சம் இழுக்கும். நைனா இன்னா துன்னுச்சு?”

ரேணுகாம்பாள் போனைப் பரசுராமனிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஜெயப்ரியாவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ரேணுகாம்பாளிடம்தான் வந்தாள். “ஒரு வாய் சோறு எறங்கல அண்ணி. அப்பாருக்குச் சத்தம் கேக்கலன்னுக்கினு ஒக்காந்த எடத்துலயே காலப் போட்டு அழுத்திக்கினு கீறா. நான் கட்டிப் போட்டா வெக்க முடியும்? எனக்கும் ஒண்ணு கீது, அதப் பாப்பேனா இதப் பாப்பேனா?” அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள்.

சிம்ரன் பையை வைத்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ரேணுகாம்பாள் கதவருகே நின்றாள். சிட்டிபாபு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு கை மட்டும் மாட்டிய சட்டை. பெண் அவர் காலில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பினார். கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார்.

“இஸ்கூல் வுட்டாச்சா?” என்றார்.

அவள் போய் எத்தனை நாள் ஆகியிருந்தது என்று தெருவுக்கே தெரியும்.

“வுட்டாச்சு நைனா,” என்றாள் சிம்ரன். “எழுந்து ஒக்காரு. ரசம் வெக்கறேன்.”

இப்போதும் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள்; காலையில் உப்புமா கொடுக்கிற வரைக்கும் இருந்துவிட்டு, பெரும்பாலும் மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறாள். வள்ளி டீச்சர் அவ்வப்போது தேடிக்கொண்டு வருவார். சிம்ரன் அவருக்கு மோர் கொடுத்து, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ஸ்கூட்டியை ஒற்றைக் காலில் உதைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவைப்பாள். டீச்சர் கொண்டுவருகிற புத்தகம் கோணாமல் மடங்காமல் அலமாரியில் இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிட்டிபாபு தறி ஓடத் தொடங்கும். பாவில்லாத தறிக்கு ஒரு பொள்ளலான, வெற்றுச் சத்தம் உண்டு. எங்கள் தெருவில் தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும். யாரும் தலையைத் திருப்புவதில்லை. மாறாக ரொம்ப உபயோகமாக இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் ரேணுகாம்பாள் விளக்கேற்றுகிறாள். பரசுராமன் டீக்கு எழுகிறார். காமாட்சி கோயில் மணிகூட ஒருநாள் முன்னே பின்னே அடிக்கும், இது அடிக்காது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். சிட்டிபாபு தறி ஓடுகிறதே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், ஆமாம், ஓடுகிறது என்கிறோம்.

தட்டு காலியானால் சத்தம் நின்றுவிடும். சில நாள் அது நிற்பதற்கு நெடுநேரம் ஆகிறது.